அப்பா கட்டாத கடிகாரம்

ஊரெல்லாம் பழசைத் தேய்த்துத் துடைத்துப் புதுசாக்கிக்கொண்டிருந்த ஐம்பத்திரண்டாம் வருஷத்தில், சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு மாடி அறையில், செல்லக்கண்ணு மட்டும் ஒரு புத்தம் புதுக் கைக்கடிகாரத்தைப் பழசாக்க உட்கார்ந்திருந்தான். பைத்தியமா என்று கேட்டால், ஆமாம், பைத்தியம்தான். கல்யாணம் நிச்சயமானவனுக்குப் பிடிக்கிற பைத்தியம்.

பகலில் அவனுக்குக் கீழே இரும்புச் சாமான் கடையில் வேலை. ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள் என்று எடுத்துக் கொடுத்து அவன் கையில் எப்போதும் எண்ணெய் மணக்கும். மாடி அறையில் அவனோடு தங்கியிருந்தவன் லாசரஸ். அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லூர்து மாதா கோயிலுக்குப் போவான். திரும்பி வந்ததும் தவறாமல் செல்லக்கண்ணுவைக் கிண்டல் செய்வான்.

"டேய், அவனவன் பழைய வாட்சுக்குப் பாலிஷ் போடுறான். நீ புது வாட்சைக் கொண்டாந்து அழுக்காக்குறே. உன்னயப் பாத்தா அந்தக் கடைக்காரன் அழுவான் லா!"

"சும்மா இரு லாசரஸு. ஊதாத, தூசி பறக்குது."

இதற்கெல்லாம் மூலகாரணம் ஒரு புகைப்படம். இந்தியாவில் சொந்த ஊருக்குப் புறப்பட்ட அழகப்பன் அண்ணனிடம் பெண் வீட்டில் காட்டச் சொல்லி ஒரு படம் கொடுத்துவிட வேண்டியிருந்தது. டன்லப் ஸ்திரீட்டில் நாகூர் கனியின் ஸ்டூடியோவுக்குப் போனான். அங்கே ஒரு வழக்கம். மாப்பிள்ளைப் படம் என்றால் கோட்டும் பேனாவும் படத்தோடு சேர்த்தி. கோட்டுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு, முதுகு கிழிந்து தொங்கும். பேனாவுக்கு மூடி மட்டும்தான் உண்டு. அப்புறம் ஒரு கைக்கடிகாரம். அது எப்போதோ நின்றுபோனது. படத்தில் கடிகாரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று யார் கண்டது? கனி பாய் அதை அவன் இடது கையில் கட்டி, கையை மடியில் இப்படித் திருப்பி வைக்கச் சொல்லி, படத்தைப் பிடித்து, அப்புறம் தூரிகை எடுத்துக் கன்னத்துக்கு ரோஜாச் சாயமும் கடிகார முகத்துக்குப் பாலேட்டு நிறமும் பூசிக் கொடுத்தார். செல்லக்கண்ணுக்கே தன்னைப் பிடித்துப்போயிற்று.

அழகப்பன் அண்ணன் திரும்பி வந்து சொன்னதுதான் குண்டு.

"பொண்ணு பேரு தங்கம். உன்னயப் புடிச்சிருக்காம். ஆனா உன் மூஞ்சியவிட அந்த வாட்சைத்தான் ரொம்ப நேரம் பாத்துச்சு. 'யாரு கெடியாரம், இம்புட்டுப் பழசா இருக்கு'ன்னு கேட்டுச்சு. நான் விடுவனா? 'அவங்க அப்பாரு கட்டினது, செத்தவரு ஞாபகமா வெச்சிருக்கான்'னு அடிச்சுவிட்டேன். அதுக்குக் கண்ணு கலங்கிருச்சுப்பா. அப்பவே முடிவாயிருச்சு."

செல்லக்கண்ணுவின் அப்பா மலாயாவின் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். கடிகாரமா? தோட்டத்துச் சங்கு ஊதினால் எழுந்திருப்பார், சங்கு ஊதினால் சாப்பிடுவார். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். ஒரு வேட்டித் துண்டுகூட மகனுக்கு மிஞ்சவில்லை.

உண்மையைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். அவனுக்குத் தைரியம் வரவில்லை. கடல் தாண்டி வரப்போகிற பெண், துறைமுகத்தில் இறங்கியதும் முதலில் தன் மணிக்கட்டைத்தான் பார்ப்பாள் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அது வெறுமையாக இருந்தால் அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்து நினைத்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கனி பாயிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தான். "அது ராசியான வாட்ச், தம்பி. அதக் கட்டிப் படம் எடுத்தவன் எவனும் பிரம்மச்சாரியா இருந்ததில்ல. கழட்டிக் குடுத்துட்டு நான் கடையை மூடவா?" என்று சொல்லிவிட்டார். சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் தரையில் விரித்த பாய் பாயாகத் தேடினான். அதே முகம் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கடிகாரக் கடையில், வட்ட முகம், கறுப்பு எண்கள், ஆறாம் எண்ணுக்கு மேலே நொடி முள்ளுக்கென்று ஒரு குட்டி வட்டம் எல்லாம் படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிற ஒன்றைப் பார்த்தான். ஒரே குறை, அது நேற்றுப் பிறந்தது போலப் பளபளத்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. ஜன்னலோரம் வெள்ளைத் துணியை விரித்து, கத்தி நுனியால் பின்மூடியை நெம்பித் திறப்பான். முட்களை மெதுவாக எழுப்பி எடுத்து, முகத்தகட்டைக் கழற்றி, ஓடுகிற எந்திரத்தின் மேல் தூசி படாமல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வைப்பான். தம்ளருக்குள் அது பாட்டுக்கு டிக் டிக் என்று பேசிக்கொண்டிருக்கும். வெளியே மழை பெய்யும். தெருவில் டிராலி பஸ் ஒன்று மேலே ஓடும் மின்கம்பியில் தன் கொம்பை உரசிக்கொண்டு போகும். நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காப் பக்கமிருந்து சாயங்கால இசைக்காரர்கள் சுருதி சேர்க்கிற சத்தம் மழையில் நனைந்து வரும். அந்த நேரத்தில் அவன் சிங்கப்பூரில் இருந்தானா, தங்கத்தின் ஊரில் இருந்தானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

முகத்தகட்டை ஒரு தட்டில் கெட்டித் தேத்தண்ணியில் மிதக்கவிட்டான். வெள்ளை மெல்ல மெல்லப் பழுக்கும் என்று கணக்கு. பழுத்தது. தங்கம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படகிலிருந்து இறங்குவதை மனசுக்குள் ரசித்துக்கொண்டிருந்தவன், தட்டைப் பார்க்க மறந்துபோனான். எடுத்தபோது ஏழாம் எண் கரைந்து தேத்தண்ணியோடு போயிருந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அப்புறம் ஊசி முனையில் கறுப்புச் சாயம் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏழை வரைந்தான்.

பிளாஸ்டிக் கண்ணாடியைச் சாம்பலில் தேய்த்து மங்கவைத்து, பிறகு பிராஸோ பாலிஷ் போட்டுப் பாதி மங்கலை மட்டும் எடுத்தான். மேல்பூச்சை உப்புத்தாள் கொண்டு ஓரங்களில் சுரண்டினால் உள்ளேயிருந்து பித்தளை எட்டிப் பார்த்தது. அவித்த முட்டையை மசித்து ஒரு மைலோ டப்பாவில் போட்டு, கடிகாரக் கூட்டைத் தனியாகக் கழற்றி அதற்குள் தொங்கவிட்டு மூடினால், முட்டை நாற்றம் பட்டே பித்தளை கறுத்துவிடும் என்று கடைக்கு வரும் சீனப் பெரியவர் ஒருவர் சொல்லியிருந்தார். மறுநாள் டப்பாவைத் திறந்தபோது லாசரஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு அறையைவிட்டே ஓடினான். கூடு மட்டும் இருபது வருஷம் மூத்திருந்தது. தோல் வாருக்குத் தேங்காயெண்ணெய் ஊட்டி, வளைத்து, நசுக்கி, தன் வியர்வையிலேயே ஊறட்டும் என்று கடையில் கட்டிக்கொண்டு திரிந்தான்.

ஆனால் கீறல்கள்தாம் அவனைக் கெடுத்தன. சும்மா கீறினால் கீறல் மாதிரி இருக்கவில்லை, கீறினது மாதிரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதனால் அவன் அப்பாவைக் கூப்பிட்டான். அப்பா அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். தோட்டத்து லாரியில் ஏறும்போது கம்பியில் உரசிக்கொண்டார். அது ஓரத்தில் ஒரு நீளக் கோடு. தீமிதி அன்று கூட்டத்தில் எவனோ இடித்தான்; அது மூன்றாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தபோது கல்லில் கை ஊன்றினார். அது கண்ணாடியில் ஒரு பிறை. முகம்கூட மறந்துகொண்டிருந்த மனிதர், ஞாயிறுதோறும் அந்த ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து, மணி பார்த்து, "நேரமாச்சுடா செல்லம்" என்று சொல்லிவிட்டுப் போனார். செல்லக்கண்ணு அந்தக் காலம் மாதிரி சந்தோஷமாக எப்போதும் இருந்ததில்லை. அது உண்மை.

கப்பல் வந்தது. வந்தவர்களை முதலில் கொரண்டைன் தீவில் சில நாள் இறக்கி வைத்து, நோய் நொடி இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் விடுவார்கள். அந்தத் தீவிலிருந்து படகு வந்த காலையில், தங்கம் தன் தாய்மாமனோடு படியேறி வந்தாள். நினைத்தபடியே முதலில் அவன் மணிக்கட்டைத்தான் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் அப்படி ஒரு நிம்மதி. இத்தனை நிம்மதி எதற்கு என்று அவனுக்கு அன்று புரியவில்லை. புரிந்துகொள்கிற நிலையிலும் அவன் இல்லை.

சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலில் தாலி கட்டினான். லாசரஸ் தன் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனான். "முட்டை நாத்தத்துலேருந்து தப்பிச்சேன் லா," என்று காதோடு சொல்லிவிட்டுப் போனான்.

மாமனார் நினைவாக, தங்கம் கடிகாரத்தை 'மாமா கெடியாரம்' என்றுதான் சொல்வாள். ராத்திரி அவன் கழற்றி வைத்தால் கண்டபடி வைக்க விடமாட்டாள். ஒவ்வொரு கீறலாகத் தொட்டு, "இது எப்படிங்க?" என்பாள். அவனும் சொன்னான். லாரி, தீமிதி, ஆறு. சொல்லச் சொல்ல அவனுக்கே எல்லாம் நடந்த மாதிரி இருந்தது. அந்த ஆற்றங்கரைக் கதையை அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது சாமி படங்களுக்குப் பக்கத்தில் கடிகாரத்தை வைத்து ஒரு பூவும் வைத்தாள். செல்லக்கண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை.

தேக்கா சந்தையில் ஒரு நாள் பரமசிவம் அவன் சட்டையைப் பிடிக்காத குறையாக வழிமறித்தான். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன். தங்கம் வந்த அதே கப்பலில்தான் அவன் மனைவி அஞ்சலையும் வந்திருந்தாள்.

"யோவ், உங்கப்பன் கெடியாரத்த நான் எப்பய்யா உங்கிட்ட இரவல் வாங்கினேன்?"

செல்லக்கண்ணு விழித்தான்.

"முழிக்காத. கொரண்டைன்ல வேற வேலை இல்லாம, கல்யாணத்துக்கு வந்த நாலு பொண்ணுங்களும் மாப்பிள்ள படத்த எடுத்துப் பாய்ல வெச்சுப் பாத்திருக்குங்க. நாலு கையிலயும் ஒரே வாட்ச்! நாலுலயும் ஒரே மணி! சிரிச்சிருக்குங்க, அப்பறம் உக்காந்து அழுதிருக்குங்க, வாட்சே பொய்யின்னா வீடு வாசலும் பொய்யா, ஆளும் பொய்யான்னு. படகுத்துறையில வந்து பாத்தா மூணு பேரு கை வெறுங்கை. உங்கையில மட்டும் வாட்ச். உடனே உம் பொண்டாட்டி, 'அது எங்க மாமாவோடது. எங்க வீட்டுக்காரரு நல்ல மனசு, படம் எடுக்க மூணு பேருக்கும் குடுத்து உதவியிருக்காரு'ன்னு சொல்லிருச்சு. நான் அஞ்சலைகிட்ட அது ஸ்டூடியோக்காரன் வாட்சுன்னு சத்தியம் பண்றேன். 'அப்ப அது அவரு கையில எப்படி இருக்கு?'ன்னு கேக்குறா. நெசத்தச் சொன்ன நான் புளுகன். புளுகின நீ தர்மப்பிரபு! அவ எங்கிட்டப் பேசியே எத்தினியோ நாளாச்சுய்யா."

அன்று வெள்ளிக்கிழமை. செல்லக்கண்ணு வீட்டுக்கு வந்தபோது தங்கம் தலைக்குக் குளித்து, விளக்கை ஏற்றி, கடிகாரத்துக்காகக் கையை நீட்டினாள். அவன் கழற்றினான். கொடுக்க முடியவில்லை.

"தங்கம், இத அங்க வெக்காத. இது அப்பாவோடது இல்ல."

எல்லாவற்றையும் சொன்னான். தேத்தண்ணி, சாம்பல், முட்டை, ஊசி முனையில் எழுதிய ஏழு. ஒன்றையும் விடவில்லை. விளக்குத் திரி கருகிக்கொண்டிருந்ததை அவள் தூண்டக்கூட இல்லை. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கேட்ட குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனை அறைந்தது.

"அப்ப அந்த ஆத்தங்கர?"

"அதுவும்தான்."

"கெடியாரம் இல்லேன்னு சொல்லியிருந்தா நான் என்ன திரும்பக் கப்பலேறியா போயிருப்பேன்? அது போகட்டுங்க. நான் மாமாவப் பாத்ததில்ல. அந்தக் கீறல வெச்சுத்தான் அவரத் தெரிஞ்சுக்கிட்டேன். மனசுக்குள்ள அவருகூடப் பேசக்கூடச் செஞ்சேன். இப்ப எனக்கு மாமாவே இல்லாமப் பண்ணிட்டீங்களே."

அவளுக்கு மட்டுமா இல்லாமல் போனார்? அவனுக்கும்தான்.

அதன் பிறகு சாப்பிடுங்க, வாங்க, போங்க என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "அஞ்சலை வீட்டுக்கு மத்த ரெண்டு பேரையும் வரச்சொல்லியிருக்கேன். அவங்ககிட்ட நான் பெருமை பேசிட்டு வந்திருக்கேன். நீங்களே வந்து சொல்லணும்," என்றாள். அவன் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனான்.

கம்போங் கபூரில், ஒரு கடை வீட்டின் பின்கட்டில் பரமசிவம் குடியிருந்தான். மூன்று பெண்களும் வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருக்க, செல்லக்கண்ணு நின்றுகொண்டே சொன்னான். தோட்டத்துக் கங்காணி முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. சொல்லி முடித்ததும் பரமசிவம் துள்ளி எழுந்தான்.

"கேட்டியா? கேட்டியா? நான் அன்னிக்கே சொன்னேன்ல, அது ஸ்டூடியோக்காரன் வாட்சுன்னு!"

அஞ்சலை கடிகாரத்தைக் கேட்டு வாங்கி, புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கீறல்களைப் பார்த்தாள். ஏழாம் எண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஆமா, சொன்னீங்க. கட்டில்ல படுத்துக்கிட்டு, சுவத்தப் பாத்துக்கிட்டு, 'அது ஸ்டூடியோக்காரன் வாட்சு, அதுக்கென்ன இப்ப'ன்னு சொன்னீங்க. இந்த அண்ணன் ஒரு பொய்க்கே இம்புட்டுப் பாடுபட்டிருக்காரு. நீங்க நெசத்தச் சொல்றதுக்குக்கூட எந்திரிச்சு உக்காரலியே!"

மற்ற இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பரமசிவம் செல்லக்கண்ணுவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவன் சட்டையையே பிடித்திருக்கலாம். தங்கத்தின் உதட்டோரமும் ஒரு கணம் துடித்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

திரும்பி நடந்தார்கள். மழை வருகிற மாதிரி வானம் இருட்டி, கடைகளெல்லாம் பாதி தூக்கத்தில் இருந்தன. கடைகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் ஐந்தடி நடைபாதையில் வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. தங்கம் ஒரு எட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தவள், எப்போது பக்கத்தில் வந்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"ஏங்க, நெசமா மாமா கையில என்னதான் இருந்துச்சு?"

செல்லக்கண்ணு நின்றான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்தக் கையில் இல்லாத ஒன்றைக் கட்டிப் பார்த்தே பழகியவனுக்கு, உண்மைக் கை சட்டென்று வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். மெதுவாக வந்தது, ரப்பர் பால் வாடையோடு.

"ஒரு தழும்பு இருந்துச்சு. பால் வெட்டுற கத்தி வழுக்கினது. சின்னப் புள்ளயில அதத் தடவிக்கிட்டேதான் நான் தூங்குவேன். எப்படி மறந்தேன்னு தெரியல, தங்கம். இப்பத்தான் ஞாபகம் வருது."

குரல் உடைந்துவிட்டது. நடு வீதியில், பட்டப் பகலில், கல்யாணமான ஆம்பிளை, அழுதான். தங்கம் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. அவனுடைய வெறும் இடது கையைப் பிடித்துத் திருப்பி, மணிக்கட்டில் ஒரு விரலை வைத்தாள்.

"இங்கயா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் மேல."

அவள் விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினாள்.